குறையும் எண்ணும் குறையாத நினைவும்

கொவிட் காலத்தில் நம்மவர்களிடையே ஒரு புதுப் பழக்கம் தோன்றியது. தடுப்பூசி போட்டுச் சில மாதங்கள் கழிந்ததும், குருதியில் பிறபொருளெதிரி எவ்வளவு இருக்கிறது என்று பரிசோதித்துப் பார்ப்பார்கள். எண் உயர்ந்திருந்தால் மகிழ்ச்சி, தாழ்ந்திருந்தால் கவலை. ரொறன்ரோவில் இருப்பவரும் கல்லடியில் இருப்பவரும் தத்தம் எண்களைத் தொலைபேசியில் ஒப்பிட்டுப் பேசியதைக் கேட்டிருக்கிறேன்.

எண் தாழ்வது இயற்கை. குருதியில் பெருமளவில் உள்ள ஐஜிஜி வகைப் பிறபொருளெதிரி ஏறத்தாழ மூன்று வாரங்களில் பாதியாகிவிடும். அதை அவசரமாக உற்பத்தி செய்த கலங்களிற் பெரும்பாலானவையும் விரைவில் இறந்துவிடும். ஆனால் ஒரு சில, என்பு மச்சையிற் குடியேறி ஆண்டுக்கணக்கிற் சிறிது சிறிதாகச் சுரந்துகொண்டிருக்கும். வேறு சில, நினைவுக் கலங்களாகக் காத்திருக்கும். படுவான்கரை விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீட்டு நெல் குறைந்துகொண்டே போகும். விதைநெல் மட்டும் அடுத்த போகத்துக்கென்று தனியே இருக்கும்.

2021 இல் இலங்கையிற் சினோபார்ம் பெற்றவர்களை ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்தபோது, இரண்டாவது ஊசிக்குப் பின் 95 சதவீதமானோரிடம் பிறபொருளெதிரி உருவாகியிருந்தது. அறுபது வயதைத் தாண்டியவர்களில் இவ்வீதம் இளையோரிலும் சற்றுக் குறைவு. அவ்வாண்டு நவம்பரில் பைசர் மேலதிக ஊசி தொடங்கியது. தேய்ந்த நினைவை மீண்டும் தட்டி எழுப்புவதே அதன் நோக்கம்.

நினைவு எவ்வளவு காலம் நீடிக்கும்? 1846 இல் பரோத் தீவுகளிற் சின்னமுத்து பரவியது. அங்கு சென்ற டென்மார்க் மருத்துவர் பானும், 1781 இல் அந்நோய் கண்டு பிழைத்த முதியவர்களை அது மீண்டும் தொடவில்லை என்று பதிவு செய்தார். இடைவெளி 65 ஆண்டுகள்!

ஆனால் எல்லா நோய்க்கும் இது பொருந்தாது. நம் வாவிக்கரையில் ஒவ்வொரு மாரியோடும் வரும் டெங்குவைப் பாருங்கள். அதில் நான்கு வகை வைரசுகள் உண்டு. ஒரு வகை வந்து போனால் அவ்வகைக்கு நீண்டகாலப் பாதுகாப்பு உண்டு. மற்ற மூன்றுக்கும் சிறிது காலமே. பின்னர் பிறபொருளெதிரி குறைந்து ஓர் இடைநிலையை அடையும்போது, அது வைரசைப் பற்றிக்கொள்ளுமே தவிர முடக்காது. மாறாக, வெண்குருதிக் கலங்களுக்குள் அதை அழைத்துச் செல்லும் வாகனமாகிவிடும். காவற்காரனே கதவைத் திறந்துவிடும் கதை இது.

நிக்கராகுவாவின் மனாகுவா நகரச் சிறுவர்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2017 இல் வெளியான ஆய்வு இதை உறுதிப்படுத்தியது. கடும் டெங்குவின் ஆபத்து, பிறபொருளெதிரி நிறைய இருந்தவர்களிலும் அறவே இல்லாதவர்களிலும் பார்க்க, இடைநிலையில் இருந்தவர்களுக்கே அதிகம். அதே ஆண்டு பிலிப்பைன்சில், 8 இலட்சத்துக்கும் மேற்பட்ட சிறுவர்களுக்குப் போடப்பட்ட டெங்கு தடுப்பூசித் திட்டம் நிறுத்தப்பட்டது. முன்பு டெங்கு வராத பிள்ளைக்கு அவ்வூசியே முதற் தொற்றைப் போலாகி, பின்னர் வரும் நோயைக் கடுமையாக்கலாம் என்று தெரியவந்ததே காரணம்.

அந்த 2017 ஐ இலங்கை மறக்க முடியாது. அதுவரை பல ஆண்டுகள் முதலாம் வகை வைரசே மேலோங்கியிருந்தது. இரண்டாம் வகை திரும்பி வந்தபோது 1,86,000 க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். கிழக்கிற் கிண்ணியா பட்ட துயரம் பலருக்கு நினைவிருக்கும்.

எனவே, "எனக்கு முன்பே டெங்கு வந்துவிட்டது, இனிப் பயமில்லை" என்று எவரும் சொன்னால் மறுத்துரையுங்கள். பயப்பட வேண்டியவர் அவரே. காய்ச்சல் மூன்றாம் நாளைத் தொட்டால் குருதிப் பரிசோதனை அவசியம். பரசிற்றமோல் தவிர அஸ்பிரின், இபுபுரூபன் வேண்டாம். காய்ச்சல் தணியும் வேளையிலேதான் ஆபத்துத் தொடங்கும் என்பதையும் மறவாதீர்கள். மாரி தொடங்குமுன் முற்றத்துச் சிரட்டைகளைக் கவிழ்த்து வைப்பது, எந்தப் பரிசோதனை எண்ணிலும் பெரிய காப்பு.