ஜனவரி வேகம்

சுங்குவார்சத்திரம் கூட்டுச்சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி ஒரு லேத் பட்டறை இருக்கிறது. ஆண்டு முழுக்கச் சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளுக்கு புஷ், பின், ஜிக் என்று எதையாவது கடைந்து கொடுக்கும் பட்டறை. பொங்கல் கழிந்ததும் அங்கே வேறு வகைச் சாமான்களும் வரத் தொடங்கும். எஞ்சின் ஆயில் வடிக்கும் போல்ட்டின் தலையில் குறுக்கே நூல் நுழையும் அளவுக்குத் துளை போட்டுத் தர வேண்டும். அதில் மெல்லிய எஃகுக் கம்பியைக் கோத்து, முறுக்கி, எஞ்சினோடு சேர்த்துக் கட்டுவார்கள். லாக் வயர் என்று பெயர். பந்தயத்தில் ஒரு போல்ட் கழன்று ஆயில் கொட்டினால் அந்த வண்டி மட்டும் விழாது, பின்னால் வருகிற எல்லாம் விழும். ரேடியேட்டரில்கூடக் கூலண்ட் ஊற்ற மாட்டார்கள், வெறும் தண்ணீர்தான். சிந்தினால் வழுக்கக் கூடாது அல்லவா.

அந்தப் போல்ட்டுகளோடு வருகிறவர் ஒரு சிறிய பைக் ரேஸ் டீமின் மெக்கானிக். நாற்பது வயதைத் தாண்டியவர். டீமில் எல்லோருக்கும் அவர் ‘அண்ணா’தான், நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். பந்தயம் நடக்கும் நாளில் அவரோடு பேச முடியாது. அதனால் பந்தயம் இல்லாத மாதங்களில், சோதனை ஓட்டம் நடக்கும் நாட்களில், அவர் பின்னாலேயே போனேன்.

இங்கிருந்து சென்னைப் பக்கமாக ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் போனால் இருங்காட்டுக்கோட்டை. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடம் அங்கே இருக்கிறது. ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர். 1990-ல் இந்தத் தடம் வருவதற்கு முன்பு பந்தயங்கள் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் நடந்தன. சோழவரம் என்றாலே குளிர்காலம். இப்போது கணக்கு தலைகீழ். தேசியத் தொடர் பெரும்பாலும் ஜூனை ஒட்டித் தொடங்கி ஆண்டுக் கடைசிவரை இழுத்துக்கொண்டு போகிறது. வெயில் உச்சத்தில் முதல் பந்தயம், பனிக்காலத்தில் அதற்கான சோதனை. அண்ணனுடைய தலைவலி முழுவதும் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

இந்தப் பகுதியின் வேடிக்கை ஒன்று உண்டு. ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ராயல் என்ஃபீல்டு ஆலைகள் இருக்கின்றன. யமஹாவும் வல்லம் வடகாலில்தான். அப்போலோ டயர் ஒரகடத்தில். வாகனங்களைச் சோதிப்பதற்கென்றே மத்திய அரசு கட்டிய ஆராய்ச்சி மையமும் ஒரகடத்தில் தனிச் சோதனைத் தடங்களோடு இருக்கிறது. அதிகாலை நெடுஞ்சாலையில் போனால் வரிசையாகக் கம்பெனி பஸ்கள், சன்னலோரம் தலை சாய்த்துத் தூங்கும் முகங்கள். இத்தனை மோட்டார் சைக்கிளைச் செய்து அனுப்புகிற ஊரில், அதே மோட்டார் சைக்கிளைக் கடைசி மூச்சுவரை ஓட்டிப் பார்க்கும் தொழில் ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. அண்ணனின் உதவியாளனாக வருகிற தம்பி ஐ.டி.ஐ. முடித்தவன், சுங்குவார்சத்திரத்தில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. நைட் ஷிஃப்ட் முடித்து, அறைக்குக்கூடப் போகாமல் நேராக டெம்போவில் ஏறிக்கொள்வான். “அங்க ஒரு நாள் பூரா ஒரே ஸ்க்ரூதான் சார். இங்க ஒரு நாள்ல ஒரு வண்டியையே பிரிச்சுடுவேன்” என்றான். சம்பளம் எங்கே அதிகம் என்று கேட்டதற்கு, பதில் சொல்லாமல் சிரித்தான்.

விடிந்ததும் தடத்தில் இறங்கிவிட முடியாது. பனி ஈரம் காய வேண்டும், ஆம்புலன்ஸ் வந்து நிற்க வேண்டும். பார்வையாளர் இல்லாத நாள்தானே என்று இந்த விஷயத்தில் யாரும் அசட்டையாக இருப்பதில்லை. 2023-ல் இதே தடத்தில் ஜனவரியில் ஒரு மூத்த கார் பந்தய வீரரும், ஆகஸ்டில் 13 வயது பைக் ரைடர் ஒருவரும் பந்தய விபத்துகளில் இறந்துபோனார்கள். அதைப் பற்றி பிட் லேனில் யாரும் நிறையப் பேசுவதில்லை. ஆனால் ஆம்புலன்ஸ் எங்கே நிற்கிறது என்று ஒவ்வொருவரும் ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொள்கிறார்கள்.

ரைடர் வடசென்னைப் பையன், இருபது வயது இருக்கும். முதல் சில சுற்றுகள் டயரைச் சூடேற்றவும் எஞ்சினைப் பழக்கவும். அதற்குள் அண்ணன் தன் நோட்டில் தேதி, நேரம், காற்றின் வெப்பம், தரையின் வெப்பம், டயர் பிரஷர் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறார். பள்ளிக்கூடக் கட்டுரை நோட்டுதான், அட்டையில் கிரீஸ் கறை. காலையில் நிழலில் 24 பி.எஸ்.ஐ. காட்டிய டயர், 80 டிகிரிக்குச் சூடேறும்போது 30-ஐத் தாண்டிவிடும். பிரஷர் ஏற ஏற டயர் தரையைத் தொடும் பரப்பு சுருங்கும், பிடிமானம் போகும். அதனால் வண்டி உள்ளே வந்த அடுத்த நொடி, ரைடர் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே, தம்பி கேஜை வைத்துவிடுவான். ஒரு நிமிடம் தாமதித்தால்கூட அந்த எண் பொய்.

அதன் பிறகு நடப்பதுதான் இந்தத் தொழிலின் மையம் என்று எனக்குத் தோன்றியது. அது வெறும் பேச்சு.

“அண்ணா, முன்னாடி தள்ளுதுண்ணா.”

“எங்க?”

“ரெண்டாவது கார்னர்ல.”

“உள்ள போறப்பவா, நடுவுலயா, வெளிய வரப்பவா?”

“நடுவுல.”

“பிரேக்க விட்டுட்டியா?”

“விட்டுட்டேன்.”

“த்ராட்டில்?”

“இன்னும் தொறக்கல.”

அண்ணன் தலையாட்டினார். பிரேக்கை விட்டதும் முன் ஃபோர்க் சட்டென்று எழும்புகிறது. எடை முன் டயரை விட்டு விலகுகிறது. வண்டி நினைத்த கோட்டில் திரும்பாமல் வெளியே நழுவுகிறது. அதே புகாரை த்ராட்டில் திறந்த பிறகு என்று பையன் சொல்லியிருந்தால் குற்றவாளி பின் சஸ்பென்ஷன். மருந்தும் வேறு. அரை நொடிக்குள் நடந்த ஒன்றை, உடம்பு சாய்ந்து முழங்கால் தரையில் உரசும் நிலையில், எந்தக் கணத்தில் நடந்தது என்று பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும். வேகமாக ஓட்டுகிற பையன்கள் நிறைய இருக்கிறார்கள். இப்படிச் சொல்லத் தெரிந்தவர்கள் கொஞ்சம்தான் என்பது அண்ணனின் கட்சி. டீமில் புதுப் பையனைச் சேர்க்கும்போது அவர் முதலில் லேப் டைமைப் பார்ப்பதில்லை, பேசவிட்டுப் பார்க்கிறார்.

விலையுயர்ந்த ஃபோர்க் என்றால் மேலே இருக்கும் திருகை இரண்டு கிளிக் திருப்பினால் வேலை முடிந்தது. இவர்களுடைய வண்டியில் அந்த வசதி இல்லை. ஃபோர்க்கைக் கழற்றி உள்ளே இருக்கும் ஆயிலை வடித்து, கொஞ்சம் தடித்த ஆயில் ஊற்ற வேண்டும். தடித்த ஆயில் எழும்புவதை மட்டும் மெதுவாக்காது, அமுங்குவதையும் மெதுவாக்கும். ஒன்றைச் சரிக்கட்டினால் இன்னொன்று முரண்டு பிடிக்கும். அதற்கு ஸ்பிரிங்கின் மேல் வைக்கும் வளையத்தின் உயரத்தை மாற்ற வேண்டும். லேத் பட்டறையில் வெவ்வேறு உயரங்களில் கடைந்து வாங்கிய வளையங்கள் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் இருந்தன. ஃபோர்க் குழாயில் ஒரு கேபிள் டை கட்டியிருந்தார்கள். ஃபோர்க் எவ்வளவு தூரம் அமுங்கியதோ அந்த இடம்வரை அது நகர்ந்து நிற்கும். அண்ணன் டேப் வைத்து அளந்து, மில்லிமீட்டரில் எழுதிக்கொண்டார்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. மாற்றம் நன்றாக இருந்தாலும் மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவந்து ஒரு முறை ஓட்டிப் பார்ப்பார்கள். நேரம் ஆக ஆகத் தடத்தில் ரப்பர் படியும், ரைடருக்குக் கை பழகும். ஒன்றையும் தொடாமல் விட்டாலே நேரம் குறையும். அந்த இனாம் வேகத்தைக் கழித்துவிட்டு மிஞ்சுவதுதான் நிஜமான வேகம்.

முற்பகலில் ஒரு தடவை, “பின்னாடி பிரஷர் கொஞ்சம் குறைச்சிருக்கேன், போய்ப் பாரு” என்று அனுப்பினார். பையன் மூன்று சுற்று ஓட்டிவிட்டு வந்தான். ஸ்டாப் வாட்சில் பத்தில் மூன்று நொடி குறைந்திருந்தது. “இப்ப சூப்பர்ணா, பின்னாடி அசையவே இல்ல.” அண்ணன் சரி என்றார். நோட்டில் அந்த வரியில் பூஜ்யம் போட்டார். பையன் தண்ணீர் குடிக்கப் போன பிறகுதான் சொன்னார், கேஜை வைத்து எடுத்ததோடு சரி, பிரஷரைத் தொடவே இல்லையாம். ஏமாற்றுகிறீர்களே என்றேன். “அவன் பொய் சொல்லல சார், அவனுக்கு நெஜமாவே நல்லா இருந்திருக்கு. மனசுக்கு எவ்ளோ, டயருக்கு எவ்ளோன்னு எனக்குத் தெரியணும்ல?”

எனக்கு இந்த வேலையில் பிடித்தது இதுதான். வேகத்துக்காக உயிரை விடுகிற ஒரு விளையாட்டில், கிடைத்த வேகத்தை நம்ப மறுப்பதற்கென்றே ஒருவர் இருக்கிறார்.

பத்தில் மூன்று நொடி என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். ஒரு சுற்றை இரண்டு நிமிடத்தில் முடிக்கிற வண்டி சராசரியாக நொடிக்கு 31 மீட்டர் ஓடுகிறது. பத்தில் மூன்று நொடி என்பது ஒன்பது மீட்டர். எட்டுச் சுற்றுப் பந்தயத்தில் எழுபது மீட்டருக்கு மேல். முன்னே போகிறவனின் நம்பர் கண்ணுக்குத் தெரியாத தூரம்.

ஆனால் அண்ணனின் உண்மையான எதிரி ஜனவரியின் குளிர்ந்த காற்று. 22 டிகிரிக் காற்றைவிட 40 டிகிரிக் காற்று ஏறக்குறைய ஆறு சதவீதம் அடர்த்தி குறைந்தது. எஞ்சின் ஒவ்வொரு முறை மூச்சிழுக்கும்போதும் அவ்வளவு குறைவாகத்தான் ஆக்ஸிஜன் கிடைக்கும். இருபது குதிரைத்திறன் வண்டியில் ஒன்றுக்கு மேல் காணாமல் போய்விடும். கார்புரேட்டர் காலத்தில் ஜெட்டை மாற்றினார்கள். இப்போது சென்சாரே கணக்குப் பார்த்துப் பெட்ரோலைக் குறைத்துவிடுகிறது. ஆனால் போன காற்றை அதனால் திருப்பித் தர முடியாது.

அங்கேதான் ஸ்ப்ராக்கெட் வருகிறது. முன்னால் 15 பல், பின்னால் 40 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு பல் கூட்டினால் இழுவை இரண்டரை சதவீதம் கூடும், அதே அளவு உச்ச வேகம் இறங்கும். முன்னால் ஒரு பல் குறைத்தால் ஏழு சதவீதம் மாறிவிடும். அதனால் நுணுக்கமான திருத்தம் எல்லாம் பின்சக்கரத்தில்தான். ஜனவரிக் காலையில் 40 பல்லில் நேர்ப்பாதையின் கடைசிவரை வண்டி கடைசி கியரில் நன்றாக இழுக்கிறது. ஜூன் மதியம் அதே பல்லில் மூச்சுத் திணறும். அப்போது 41 வேண்டுமா, 42 வேண்டுமா? நோட்டைப் பின்னால் புரட்டி முந்தைய ஆண்டுகளின் ஜூன் பக்கங்களைப் பார்த்துத்தான் அண்ணன் ஊகிக்கிறார்.

இந்த ஊகத்தில் சறுக்காதவர்கள் இல்லை. உலக பைக் பந்தயத் தொடரான மோட்டோஜிபியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் பந்தய ரைடர்கள் சோதனை ஓட்டப் பெரும்பாலும் தடை. பிப்ரவரியில் மலேசியாவின் செபாங்கில் ஒட்டுமொத்த உலகமும் கூடும். 2015-ல் அங்கே முதல் சோதனையில் எல்லோரையும் முந்தியவர் ஹோண்டாவின் மார்க் மார்க்கெஸ். சீசன் தொடங்கியதும் எஞ்சின்களுக்கு முத்திரை விழுந்துவிட்டது, உள்ளே கை வைக்க முடியாது. அந்த எஞ்சினோ அளவுக்கு மீறிய முரட்டு எஞ்சின் என்பது பந்தயங்களில்தான் வெளிச்சமானது. மார்க்கெஸ் திரும்பத் திரும்ப விழுந்தார். பாதி சீசனில் முந்தைய ஆண்டின் சட்டகத்தை மறுபடி எடுத்துப் போட்டார்கள். பட்டம் யமஹாவின் லொரென்ஸோவுக்குப் போனது. அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவ்வளவு சென்சாரும் இன்ஜினியரும் வைத்திருப்பவர்களுக்கே இந்தக் கதிதானா என்று இரண்டு முறை கேட்டார்.

இன்னொன்றையும் சொன்னேன். பின்தங்கிப்போன ஹோண்டாவையும் யமஹாவையும் தூக்கிவிட 2023 இறுதியில் மோட்டோஜிபி கொடுத்த சலுகைகளில் முக்கியமானது, கூடுதல் சோதனை நாட்கள். முன்னணியில் இருந்த டுகாட்டிக்குச் சோதனை டயர்களைக் குறைத்தார்கள். இதற்கு அவர் சந்தோஷப்படவில்லை. இங்கே நடைமுறை நேர் எதிர். தடத்துக்கு வாடகை, டயர், பெட்ரோல், மெக்கானிக் கூலி எல்லாம் கைக்காசு. ஓசூரில் தொழிற்சாலையே பின்னால் நிற்கும் டிவிஎஸ் ரேசிங் 1982 முதல் இதே வேலையாக இருக்கிறது. வேண்டியபோது வேண்டிய அளவு ஓட்டிப் பார்க்க அவர்களுக்கு வழி உண்டு. சின்ன டீம் ஒன்று சீசனுக்கு முன் எத்தனை முறை தடத்துக்குள் வர முடியும் என்பதை அதன் ஓனரின் சட்டைப்பைதான் முடிவுசெய்கிறது. 2011-ல் உலகத் தொடரின் 125 சிசி பிரிவில் ஓட்டிய முதல் இந்தியர் சரத்குமார். அவரைப் போன்ற பையன்கள் இங்கே இன்றும் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்குக் குறைவது திறமை அல்ல, தடத்தில் ஓட்டுகிற மணிநேரம்.

மதியச் சாப்பாட்டுக்கு ஓனர் வந்தார். காலை நேரங்களைப் பார்த்து முகம் மலர்ந்தது. போன சீசனைவிட ஒரு நொடி முன்னால் இருக்கிறோம், இதே செட்டப்பை அப்படியே வைத்துக்கொள்ளலாமே என்றார். அண்ணன் தயிர்ச் சாதத்தைப் பிசைந்துகொண்டே, மே மாதத்தில் இன்னொரு நாள் வேண்டும், அதுவும் மதியம் பன்னிரண்டுக்கு மேல் வேண்டும் என்றார்.

“மே மாசம் பன்னெண்டு மணி வெயில்லயா? யோவ், எவன்யா வருவான்?”

“யாரும் வரமாட்டாங்கண்ணா. ட்ராக் காலியா இருக்கும்.”

“காசு?”

“இப்ப வாங்கறதா சொன்ன புது டயர் செட்டு ரெண்டுல ஒண்ண விட்டுடுங்க. அந்தக் காசுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கல.”

ஓனர் பையனைப் பார்த்தார். புது டயர் போகிறதே என்று பையன் அண்ணனை முறைத்தான். தம்பி மட்டும், மே மாதம் எந்தக் கிழமை என்று முதலிலேயே சொன்னால் கம்பெனியில் ஷிஃப்ட் மாற்றிக் கேட்க வசதியாக இருக்கும் என்றான்.