ஈயக்குட்டையின் கரை

பத்து காஜா பக்கம் வளர்ந்தவர்களுக்கு ஈயக்குட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்குப் பின்னால் மணல்மேடு. அதைத் தாண்டினால் பச்சைத் தண்ணீர். "தம்பி, குட்டைப் பக்கம் போனா காலை ஒடிச்சிருவேன்" என்று அம்மா சொல்லாத நாளே இல்லை.

தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்தபோது, என் பக்கத்தில் அமர்ந்திருந்த நண்பன் ஒரு சனிக்கிழமை மீன்பிடிக்கப் போனான். என்னையும் கூப்பிட்டான். அம்மாவுக்குப் பயந்து நான் போகவில்லை. அவன் திரும்பி வரவில்லை. குட்டைக்குள் பேய் இருக்கிறது, அதன் கை சில்லென்று இருக்கும், காலைப் பிடித்தால் விடாது என்று பள்ளியில் பேசிக்கொண்டோம். வெகுநாள் அதை நம்பினேன்.

கடந்த ஆண்டு சூழலியல் பாடத்தின் களப்பணிக்காக அதே போன்ற ஒரு குட்டையில் படகில் சென்றேன். ஆழம் பார்க்கும் கயிற்றைக் கரையோரத்தில் இறக்கினேன். அது போய்க்கொண்டே இருந்தது.

கிந்தா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலகின் முக்கிய ஈய வட்டாரங்களில் ஒன்று. 1985இல் ஈய விலை சரிந்தபோது சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. தோண்டிய குழிகளை மழைநீரும் நிலத்தடி நீரும் நிரப்பின. இயற்கையான ஏரியின் கரை மெல்லச் சரிந்து இறங்கும். அந்த ஆழமற்ற ஓரத்தில்தான் வெயில் தரையைத் தொடும். கோரையும் தாமரையும் வேரூன்றும். மீன்குஞ்சுகள் ஒளிந்து வளரும். கொக்கு நின்று இரை தேடும். ஈயக்குட்டையின் கரையோ பல இடங்களில் சுவர்போல் இறங்குகிறது. சத்தில்லாத மணலில் செடிகள் எளிதில் வளர்வதில்லை. மேல்நீர் வெயிலில் சூடாகிறது. ஆழமான அடிநீர் அதனுடன் கலக்காமல் குளிர்ந்தே கிடக்கிறது. அங்கே உயிர்வாயு குறைவு. அதற்கும் கீழே, ஈயம் கழுவிய நீரில் வந்து படிந்த களிச்சேறு.

கயிற்றைச் சுருட்டும்போது எனக்குப் புரிந்தது. சில்லென்ற கை அந்த அடிநீர். காலை விடாதது அந்தச் சேறு. நண்பனுக்கு நிற்க இடம் தராத கரைதான் கோரைக்கும் மீன்குஞ்சுக்கும் இடம் தரவில்லை.

ஆனால் குட்டைகள் அப்படியே இருந்துவிடுவதில்லை. கரை இடிந்து சரிந்த இடங்களில் கோரை வந்துவிட்டது. பத்து காஜா அருகே கிந்தா இயற்கைப் பூங்காவில், பழைய குட்டைகளைச் சுற்றி நாரைகள் கூட்டங்கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. மனிதன் கொண்டுவந்து விட்ட திலாப்பியாவும் ராஜா மீனும் பல குட்டைகளில் பெருகிவிட்டன. ராஜா மீன் நம் நாட்டுச் சிறு மீன்களைத் தின்றுவிடுகிறது என்ற கவலையும் உண்டு.

எல்லாக் குட்டைகளையும் மூட முடியாது, மூடவும் வேண்டாம். குடியிருப்புகளை ஒட்டிய கரைகளையாவது சரித்துவிடலாம். கோரை வரும், கொக்கு வரும். தவறி விழும் பிள்ளையின் காலுக்கும் தரை தட்டுப்படும்.