ரோஜாச் செடிக்கு என்ன வியாதி?

மயிலாப்பூர், தி.நகர், அடையார் எங்கே பார்த்தாலும் பால்கனியில் ஒரு ரோஜாத் தொட்டி இருக்கும். வண்டிக்காரரிடம் வாங்கும்போது ஐந்தாறு மொட்டு. அது பூத்து முடிந்ததும் ஆரம்பிக்கும் தலைவலி. இலை வெளுக்கும், உதிரும், குச்சி கருகும். உடனே கடைக்கு ஓடி, "ரோஜாவுக்குப் பூச்சி மருந்து குடுங்க" என்று ஒரு பாட்டில். அடித்த பிறகு செடி இன்னும் மோசம்!

காரணம் சிம்பிள். ரோஜாவுக்கு வருவதெல்லாம் பூச்சி இல்லை.

கோடையில் இலை தூசி படிந்த மாதிரி வெளுத்து, அடியில் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் அது சிலந்திப்பேன். எட்டுக் கால் பிராணி, சிலந்திக்குச் சொந்தம். ஒரு வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் அதுதான். சாதாரண பூச்சி மருந்துகள் பல இதைக் கொல்லாது. இதைத் தின்னும் நல்ல பூச்சிகளைத்தான் கொல்லும். அப்புறம் அதன் ராஜ்யம்தான். காலை வேளையில் இலையின் அடிப்புறத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடிப்பது, தொடர்ந்து சில நாள் செய்தால், நல்ல வைத்தியம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வருவது வேறு. இலையில் ஓரம் பிசிறடித்த கறுப்பு வட்டம், சுற்றிலும் மஞ்சள், பிறகு உதிர்தல். இது கரும்புள்ளி நோய், ஒரு பூஞ்சை. இலை சுமார் ஏழு மணி நேரம் ஈரமாகவே இருந்தால் இதன் வித்து முளைத்துவிடும். அதனால் சாயங்காலம் இலை மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். காலையில், வேரில் ஊற்றுங்கள். விழுந்த இலைகளைப் பொறுக்கிக் குப்பையில் போடுங்கள், தொட்டியிலேயே விடாதீர்கள். நுனியிலிருந்து குச்சி கறுத்து இறங்கினால், பச்சை தெரியும் இடம் வரை சுத்தமான கத்தரியால் வெட்டிவிட வேண்டும்.

கணுவில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. கூடவே எறும்பு ஊர்வலமும் இருக்கும். பூச்சி விடும் தித்திப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவல் காக்கிறது! பழைய டூத்பிரஷால் தேய்த்து எடுத்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்கலாம். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

நல்ல பூச்சிகளின் அருமைக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சாட்சி உண்டு. 2008-ல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று எதையும் விடவில்லை. மருந்து அடித்து மாளவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் பப்பாயே என்ற குட்டிக் குளவியை வரவழைத்தார்கள். மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டையிடும் குளவி. கோவை வேளாண் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கி வயல்களில் விட்டது. பாட்டில் பாட்டிலாக மருந்து செய்யாததை அந்தக் குளவி செய்தது.

இன்னொன்று. இலை ஓரத்தில் காம்பஸ் வைத்து வரைந்தது போல அரைவட்டம் வெட்டியிருந்தால் பதற வேண்டாம். இலைவெட்டித் தேனீ, தன் கூட்டுக்குள் விரிக்க எடுத்துப் போயிருக்கிறது. செடிக்கு ஒன்றும் ஆகாது. இதற்கு மருந்தே வேண்டாம்.

ஃப்ளாட் பால்கனியில் அடிக்கும் மருந்து செடியோடு நிற்பதில்லை. பக்கத்து வீட்டு சமையலறை ஜன்னலுக்கும், கொடியில் காயும் துணிக்கும் போகிறது. அந்தப் பூவைத்தான் தலையில் வைக்கிறார்கள், சாமிக்குப் போடுகிறார்கள். குழந்தை இதழைப் பிய்த்து வாயில் போடுகிறது. எனவே கடைக்குக் கிளம்பும் முன் இலையைத் திருப்பி ஒரு நிமிஷம் பாருங்கள். பாதி சமயம் பாட்டிலே தேவைப்படாது. காசும் மிச்சம்!