வாசலில் கிடந்த செருப்புகள்

போன மாதம் ஒரு துக்க வீட்டுக்குப் போனேன். என்னுடன் வேலை பார்த்தவர், நாற்பதைக்கூடத் தாண்டவில்லை. பந்தலுக்கு வெளியே, வந்தவர்கள் கழற்றிவிட்ட செருப்புகளுக்கு நடுவே அவர் மகள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். ஏழு வயசு இருக்கும். சிதறிக் கிடந்ததையெல்லாம் ஜோடி சேர்த்துச் சுவரோரமாக வரிசை வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நீல ரப்பர் செருப்புக்கு ஜோடி அகப்படாமல் பெஞ்சுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள்.

"பாவம், அதுக்கு ஒண்ணும் தெரியல" என்றார் பக்கத்திலிருந்த அம்மாள்.

எனக்குச் சங்கப் புலவர் கபிலர் ஞாபகம் வந்தார். பறம்பு மலையை ஆண்ட அவர் நண்பன் பாரி இறந்த பிறகு அவன் பெண்கள் பாடிய புறநானூற்று 112-ஆம் பாடலைப் பள்ளிக்கூடம் போன எல்லோரும் படித்திருப்போம். போன மாத நிலவில் அப்பா இருந்தார், குன்றும் எங்களுடையது. இந்த மாத நிலவில் இரண்டும் இல்லை. ஐந்தே அடி. ஆனால் என் மனம் போய் நிற்பது 116-ஆம் பாடலில். அதைப் பாடியவர் கபிலர்.

முள்வேலி போட்ட ஒரு சின்ன வீடு. முற்றத்தில் பஞ்சு, பக்கத்தில் பீர்க்கும் சுரையும் படர்ந்திருக்கின்றன. அங்கே கிடக்கும் ஈச்ச இலைக் குப்பைமேட்டில் அந்தப் பெண்கள் ஏறி நின்று, தெருவில் வரிசையாகப் போகும் உப்பு வண்டிகளை எண்ணுகிறார்கள். அவ்வளவுதான் காட்சி. கபிலருக்கு நெஞ்சு தாங்கவில்லை, என் ஆயுள் இத்தோடு தேய்ந்து போகட்டும் என்கிறார். ஏனென்றால் இவர்கள் முன்பு பறம்பு மலைமேல் ஏறி நின்று, அப்பாவை எதிர்த்துப் போருக்கு வந்த வேந்தர்களின் குதிரைகளை எண்ணியவர்கள்.

அரண்மனைப் பெண்கள் குப்பைமேட்டுக்கு வந்துவிட்டார்களே என்ற இரக்கம் என்றுதான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். இருக்கலாம். நான் வேறு ஒன்றைப் பார்க்கிறேன். அப்பா இருந்தபோது செய்த அதே காரியத்தை அந்தப் பிள்ளைகள் விடாமல் செய்கிறார்கள். ஏற ஒரு மேடு, எண்ண ஒரு வரிசை. மலை போனால் குப்பைமேடு, குதிரை போனால் உப்பு வண்டி. "இதுகளுக்கு ஒண்ணும் தெரியல" என்று கபிலர் சொல்லவில்லை. எண்ணுவதை நிறுத்தச் சொல்லவும் இல்லை. பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். பிறகு அந்த இருவருக்கும் மாப்பிள்ளை தேடி மன்னர்களின் வாசலில் போய் நின்றார்.

எங்கள் அப்பா இறந்தபோது எனக்குப் பத்து வயசு, தம்பிக்கு ஆறு. சங்கு ஊதுகிறவர் பின்னாலேயே அலைந்து, "ஒரே ஒரு தடவ ஊதிப் பாக்கட்டுமா?" என்று அவன் கேட்டுக்கொண்டிருந்தான். உறவுக்காரர் ஒருவர் கன்னத்தில் அறைந்தார். "அப்பன் கிடக்கான், உனக்கு விளையாட்டு கேக்குதா?" அதற்குப் பிறகு அவன் விளையாடவில்லை, அழவும் இல்லை. அப்பா தூங்குகிறார் என்றுதான் அவனிடம் சொல்லியிருந்தார்கள். அதன் பலனை இருட்டில் நான் பார்த்தேன். அம்மா கண்ணசந்ததும் எழுந்து உட்கார்ந்து, அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பான். மூச்சு சுட்ட பிறகுதான் படுப்பான். சில நாள் என்னை உலுக்கி, "அக்கா, நீ தூங்கிடாத" என்பான்.

இறந்துவிட்டார் என்ற சொல்லை அவனிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டும். அப்பாவுக்கு இனி மூச்சு வராது, பசிக்காது, வலிக்காது, திரும்பி வரமாட்டார், நீ செய்த எதனாலும் இது நடக்கவில்லை, அம்மா உன்னோடு இருக்கிறாள் என்று. ஒரு தடவை சொன்னால் போதாது. பிள்ளைகள் அதே கேள்வியை நாலு நாள் கழித்துச் சோற்றை வாயில் வைத்துக்கொண்டே மறுபடி கேட்பார்கள். மறுபடி சொல்ல வேண்டும்.

என்னிடம் சொன்னது வேறு. "நீ பெரியவ. நீ அழுதா அம்மா தாங்கமாட்டா, தம்பிய நீதான் பாத்துக்கணும்." பார்த்துக்கொண்டேன். எட்டு மாதம் கழித்து அப்பாவின் சைக்கிளை விற்றார்கள். வாங்கியவர் ஏறி மிதித்துத் தெருமுனை திரும்பியதும், வாசல்படியில் உட்கார்ந்து கத்தி அழுதேன். ஒரு பழைய சைக்கிளுக்கா இப்படி அழுகிறாள் என்று எல்லோரும் திகைத்தார்கள். தம்பி மட்டும் வந்து ஒட்டி உட்கார்ந்தான். அவனும் அப்போதுதான் அழுதான்.

அந்த 112-ஆம் பாட்டை இரண்டு பெண்களில் யார் பாடினார் என்று பிரித்துச் சொல்ல முடியாது. பாரி மகளிர் என்று மட்டும்தான் புறநானூற்றில் இருக்கிறது. உள்ளே வருவது 'யாம்', கேட்கிறவரைச் சேர்த்துக்கொள்ளாத 'நாங்கள்'. கூடப் பிறந்தவர்களின் துக்கத்தில் அப்படியொரு வேலி உண்டு. பெரியவளுக்குத் தாய் வேலை கொடுத்தால், அந்த வேலிக்கு உள்ளே சின்னவன் தனியாகிவிடுகிறான். எங்களுக்கு எட்டு மாதம் அப்படித்தான் போயிற்று.

நான் அந்தச் சிறுமியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். நீலச் செருப்பின் ஜோடி ஒரு பைக் சக்கரத்துக்குப் பின்னால் கிடந்தது, எடுத்துக் கொடுத்தேன். வாங்கி வைத்துவிட்டு, "எழுபத்திரெண்டு ஜோடி" என்றாள். கொஞ்சம் கழித்து, "நாளைக்கும் இவ்ளோ பேர் வருவாங்களா?" என்று கேட்டாள்.

"இவ்ளோ பேர் வரமாட்டாங்கடா. நான் வருவேன்."

மறுநாள் சாயங்காலம் போனேன். பந்தலைப் பிரித்திருந்தார்கள். வாசலில் நாலு ஜோடிதான் இருந்தது. நான் கழற்றிவிட்டதும் அவள் உள்ளேயிருந்து வந்து, அதைச் சுவரோரமாக ஐந்தாவதாக வைத்தாள்.