நின்றபின்னும் எரியும் விளக்கு



இரவு ஜெபக்கூட்டம் முடிந்து சைக்கிளில் வீடு திரும்புகிற விசுவாசிகள் நம் கிராமச் சபைகளில் இன்றும் உண்டு. தெருவிளக்கில்லாத சாலையில் முன்னேயுள்ள பள்ளம் உங்களுக்குத் தெரியவேண்டும். பின்னே வருகிற லாரிக்காரருக்கு நீங்கள் தெரியவேண்டும். ஆகவே இவ்வாரம் டைனமோ விளக்கைக் குறித்துச் சிந்திப்போம்.

சக்கரம் சுழலும்போது டைனமோவுக்குள் இருக்கும் காந்தமும் கம்பிச்சுருளும் ஒன்றையொன்று கடந்துசெல்ல, மின்சாரம் பிறக்கிறது. வழக்கமான அளவு 6 வோல்ட், 3 வாட். இழைப் பல்புகளின் நாட்களில் 2.4 வாட் முன்விளக்குக்கும் 0.6 வாட் பின்விளக்குக்கும் பங்கிடப்பட்டது. முன்பல்பு அறுந்துபோனால் அதன் பங்கும் பின்பல்பின்மேல் பாயும். அதுவும் விரைவில் எரிந்துபோகும்.

டைனமோவில் இரண்டு வகை உண்டு. டயரின் பக்கவாட்டில் உரசிச் சுழலும் வகை விலை குறைந்தது. பெரும்பாலான சைக்கிள்களில் பொருத்தலாம். அதன் அச்சு சக்கரத்தின் நடுவை நோக்கியிருக்கும்படி பொருத்துங்கள். கோணினால் டயர் தேயும், மிதிப்பதும் கடினமாகும். மழையில் அது வழுக்குவதும் உண்டு. இன்னொன்று, முன்சக்கரத்தின் நடுவிலேயே அமையும் ஹப் டைனமோ. அது வழுக்காது, இரைச்சலிடாது. ஆனால் சக்கரத்தையே அதைக்கொண்டு கோக்கவேண்டியிருப்பதால் செலவு மிகுதி. நாள்தோறும் இரவில் நெடுந்தூரம் செல்கிறவருக்கு அது தகும். எப்போதாவது செல்கிறவருக்கு முந்தினது போதும்.

எதை வாங்கினாலும் கடைக்காரரிடம் ஒன்றைக் கேளுங்கள்: சைக்கிள் நின்றபின் விளக்கு எரியுமா? பழைய டைனமோ விளக்கு சக்கரம் நின்றதும் அணைந்துவிடும். சாலையைக் கடக்கக் காத்து நிற்கிற இடத்தில், அதாவது ஆபத்து மிகுந்த இடத்தில், நாம் இருளில் நிற்போம். இப்போதுள்ள எல்.இ.டி. விளக்குகள் சிலவற்றில் சிறிய மின்தேக்கி ஒன்று உண்டு. ஓடும்போது அது சிறிது மின்சாரத்தைச் சேர்த்துவைத்து, நின்றபின்னும் சில நிமிடங்கள் ஒளிதரும்.

மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் சொன்ன பத்துக் கன்னிகைகளின் உவமையை நினைத்துப்பாருங்கள். பத்துப்பேரிடமும் தீவட்டி இருந்தது, பத்துப்பேரும் உறங்கினார்கள். மணவாளன் வரத் தாமதித்த அந்த வேளைதான் அவர்களைப் பிரித்துக் காட்டியது. ஐந்துபேரிடம் மட்டுமே பாத்திரத்தில் எண்ணெய் இருந்தது.

பாரிசவாதத்தால் படுக்கையிலான மூத்த சகோதரி ஒருவரை நான் சந்தித்துவருகிறேன். பல்லாண்டுகள் ஓய்வுநாள் பள்ளியில் கற்பித்தவர். இன்று நாவு குழறுகிறது. வேதத்தைக் கையில் பிடிக்க இயலாது. ஆயினும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தாம் மனனம் செய்த சங்கீதங்களை இன்னும் முணுமுணுக்கிறார். அவருக்கு ஆறுதல் சொல்லப் போகிற நான் ஆறுதல் பெற்றுத் திரும்புகிறேன்.

ஊழியத்தில் ஓடிக்கொண்டிருக்கிற அன்பானவர்களே, கூட்டங்களும் குழுக்களும் உங்களை ஒளியுள்ளவர்களாகக் காட்டலாம். வியாதியோ, பணி ஓய்வோ, துக்கமோ உங்களை நிறுத்தும் நாளில் உள்ளே என்ன மீந்திருக்கும்? ஒப்புமையை அளவுக்கு மிஞ்சி நீட்டலாகாது. கிருபை நம் மிதிப்பினால் உண்டாவதன்று, அது தேவனுடைய ஈவு. ஆனால் அந்த ஈவை அமர்ந்து பெற்றுக்கொள்ள அன்றாடம் நேரம் ஒதுக்குவது நம் கடமை. இவ்வாரம் ஒரு சங்கீதத்தை மனனம் செய்யத் தொடங்குங்கள். படுக்கையிலிருக்கிற ஒருவரைச் சந்தித்து, அவரோடு அதைச் சொல்லுங்கள்.

ஜெபம்: ஆண்டவரே, நாங்கள் ஓடுகிற நாட்களில் உமது வார்த்தையால் எங்களை நிரப்பும், நிற்கிற நாட்களில் எங்கள் விளக்கு அணையாதபடி காத்தருளும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.