வேப்பமரத்து வழக்கு

நம் இல்லத்தின் பின்புறம் முதிய வேம்பொன்று நிற்கின்றது. சித்திரைத் திங்களின் ஒரு காலையில், அதன் தாழ்ந்த கிளையினின்று வல்லூறு ஒன்று அம்பெனப் பாய்ந்தது. முற்றத்தில் இரை பொறுக்கிக்கொண்டிருந்த தவிட்டுக் குருவிகள் 7. அவை கூச்சலிட்டுச் சிதறின. ஒன்று மட்டும் நகங்களிற் சிக்கியது.

"கல்லை எறியுங்கள் வாப்பா!" என்று அலறினாள் நம் இளைய மகள். நாமும் குனிந்து கல்லெடுத்தோம். அதற்குள் வல்லூறு மதிலைக் கடந்துவிட்டது. இரட்டைவால் குருவி ஒன்று அதனை விடாது துரத்திச் சென்றது. தன்னினும் பெரிய காகத்தையும் பருந்தையும் விரட்டும் நெஞ்சுரம் வாய்ந்தது அது. அதனாலன்றோ சிறு பறவைகள் சில அதன் கூட்டருகே தம் கூட்டையும் அமைக்கின்றன!

மாலையில் மொட்டைமாடி ஏறி நோக்கினோம். பக்கத்துத் தோட்டத்து மாமரத்தில் வல்லூற்றின் கூடு. வெண்தூவி போர்த்த 3 குஞ்சுகள் வாய் பிளந்திருந்தன. இரை கொணர்வது பெரும்பாலும் ஆணின் கடமை. தாய்ப்பறவை அதனைக் கிழித்து ஊட்டிக்கொண்டிருந்தது.

மகள் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "கல் பட்டிருந்தால் இவற்றுக்கு இரை ஏது வாப்பா?" என்றாள்.

ஒரு பக்கம் மட்டுமே நோக்கும் இரக்கம் நீதியாகாது என்பதை அன்று உணர்ந்தோம். எனினும், மறுநாள் முற்றத்திற்கு வந்த தவிட்டுக் குருவிகளை எண்ணாதிருக்க இயலவில்லை. 6 இருந்தன.