கிருமிகளின் கொடுக்கல் வாங்கல்

தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்பர். இப்பழமொழி மனிதரைக் காட்டிலும் பற்றீரியாக்களுக்கே நன்கு பொருந்தவேண்டும். அவற்றுக்குத் தந்தை இல்லை, திருமணம் இல்லை. ஒரு கலம் இரண்டாகப் பிளக்கின்றது; பிள்ளை தாயின் அச்சாகவே பிறக்கின்றது. அங்ஙனமாயின், ஒரே இனக் கிருமிகளுள் ஒன்று சாதுவாகவும் மற்றொன்று கொலைகாரனாகவும் இருப்பது எவ்வாறு என்று சென்ற தவணையில் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி எம்மை வினாவினாள். நல்ல வினா. மணி அடித்துவிட்டபடியால் அன்று தப்பினோம். விடையை ஈண்டு கூற முயல்கின்றோம்.

பரம்பரையலகுகளில் தற்செயலாய் நேரும் விகாரங்கள் ஒரு காரணமே. ஆயின் அவை எழுத்துப் பிழை போன்றவை. எழுத்துப் பிழையினால் ஒரு நூலிற் புதிய அத்தியாயம் தோன்றுதல் அரிது. பற்றீரியாக்களோ அத்தியாயம் முழுவதையுமே அயலாரிடமிருந்து பெற்றுக்கொள்ள வல்லன. பிளாசுமிட்டு எனப்படும் சிறு டி.என்.ஏ. வளையங்கள் கலத்துக்குக் கலம் கடந்து செல்லும். சில வைரசுக்கள் பற்றீரியாவைக் கொல்லாது, அதன் நிறமூர்த்தத்திலேயே குடியேறிவிடும். இடம் விட்டு இடம் தாவும் துண்டுகளும் உள. இத்தகைய துண்டுகளைச் சோளத்தில் முதலிற் கண்ட பார்பரா மக்கிளின்ரொக் அம்மையார் 1983 இல் நோபல் பரிசு பெற்றார்.

கொலராவை எடுத்துக்கொள்வோம். எம் பாட்டியார் 'வாந்திபேதி' என்று உரத்துச் சொல்லவும் அஞ்சுவார். கழிமுகங்களில் வாழும் அவ்வினக் கிருமிகளுட் பெரும்பாலானவை அந்நோயை உண்டாக்க வல்லன அல்ல என்றறிந்திருந்தால் வியந்திருப்பார். குடலிலிருந்து நீரை வெள்ளமாய் வெளியேற்றும் அந்த நஞ்சு, கிருமியின் முதுசொம் அன்று. நூலிழை போன்ற ஒரு வைரசு கொண்டுவந்து சேர்த்த சொத்து அது. வால்டோர், மெக்கலானொசு என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1996 இல் இதனைக் காட்டினர். அவ்வைரசு உள்ளே புகும் வாயில் யாது தெரியுமோ? குடலிற் குடிகொள்ளக் கிருமிக்கு உதவும் மயிர் போன்ற உறுப்பேதான்!

1992 இன் பிற்பகுதியில், அக்கரையிலுள்ள சென்னையில் இன்னொரு புதுமை நிகழ்ந்தது. அதுகாறும் பெருங் கொள்ளைநோயாய்ப் பரவிய கொலரா 'ஓ1' என்னும் ஒரே வகையினது. இப்பொழுது தோன்றியதோ 'ஓ139'. பழைய கிருமியே அயற் கிருமியொன்றின் பரம்பரையலகுகளைப் பெற்று மேலுறையை மாற்றிக்கொண்டது. கள்வன் சட்டையை மாற்றினால் காவலர் ஏமாறுவரன்றோ? பழைய கொலராவுக்கு எதிர்ப்புச் சத்தி பெற்றிருந்த வளர்ந்தோரும் நோயுற்றனர். மருந்துகள் சிலவற்றை எதிர்க்கும் ஆற்றலைச் சுமந்த வேறொரு துண்டும் அதனுள் இருந்தது. அடுத்த ஆண்டிற்குள் அது வங்காளதேசத்தையும் எட்டிவிட்டது.

2011 இல் சேர்மனியில், 3,800 பேர் வரையில் நோயுற்று 50 பேருக்கு மேல் மாண்டதற்கும் வைரசு சுமந்துவந்த நஞ்சே காரணம். குடற் கிருமியொன்று அதனைப் பெற்றிருந்தது. பரவியதோ வெந்தய முளையினால்! எம்மவர் வெந்தயத்தைக் குழம்பிற் கொதிக்க விடுவர். அங்கே முளையைப் பச்சையாக உண்டனர்.

மருந்தெதிர்ப்பும் இவ்வழியே பரவும் என்பதை முதலில் உணர்ந்தவர் யப்பானியர். வயிற்றுளைவுக் கிருமிகள் நான்கு மருந்துகளை ஒருங்கே எதிர்க்கக் கண்டனர். சாதுவான குடற் கிருமிகளுக்கும் அவற்றுக்குமிடையே அவ்வாற்றல் கைமாறுவதை 1959 இல் ஒச்சியாய், அக்கிபா முதலியோர் நிறுவினர்.

சென்ற ஆண்டு எம் மகனுக்குக் காய்ச்சல் கண்டபோது, அயல்வீட்டு அன்பர் தம் வீட்டில் மிஞ்சிய நுண்ணுயிர்கொல்லி மாத்திரைகளைக் கொண்டுவந்து தந்தார். அன்பினால் தந்தவை. வாங்கி வைத்தோம், கொடுக்கவில்லை. காய்ச்சல் வைரசினால் வந்ததாயின் அம்மாத்திரை அதனைத் தொடவும் மாட்டாது. குடலிலுள்ள சாதுக்களையோ கொன்று குவிக்கும். எதிர்ப்புத் துண்டை உடையவை மட்டும் எஞ்சிப் பெருகும். பின்னொரு நாள் கொடியதொரு விருந்தாளி வந்தால், அத்துண்டை அவை அதற்கும் கொடுத்துவிடக் கூடும். பையனுக்கு மூன்றாம் நாள் காய்ச்சல் தானே விட்டது. மாத்திரைகள் இன்னும் எம் அலுமாரியிலேயே கிடக்கின்றன. அன்பரிடம் இதைச் சொல்ல மனம் வரவில்லை. அவர் ஞாயிறுதோறும் இப்பகுதியை விடாது வாசிப்பவர்.